கார் லிஃப்ட் வைக்கப்போகும் ஷெட்டுக்கு எந்தக் கதவு, எந்த மோட்டார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வீடு கட்டுகிறவர்களில் சிலர் இப்போது கார் ஷெட்டுக்குள் ஒரு லிஃப்டும் வேண்டும் என்கிறார்கள். ஒருவருக்கு இருக்கிற இடத்திலேயே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கார் நிறுத்த வேண்டும். இன்னொருவர் வளைகுடாவில் மெக்கானிக்காக இருந்து திரும்பியவர், வீட்டிலேயே நின்றபடி அடிப்பாகத்தைப் பார்க்க ஆசைப்படுகிறார். லிஃப்டை முடிவு செய்த பிறகுதான் கதவு ஞாபகம் வருகிறது. ஷட்டர், கேட் மோட்டார் வேலை பார்க்கிறவன் என்பதால் இது தொடர்பாக என்னிடம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

அண்ணாச்சி, லிஃப்ட் வாங்கப் போறேன். கதவுக்கு எந்த மோட்டார் நல்லது?

மோட்டார் இருக்கட்டும், முதலில் கதவு திறக்கும்போது எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். மேலே சுருளுகிறதா, கூரைக்கு அடியில் படுக்கிறதா, பக்கவாட்டில் நகர்கிறதா? லிஃப்டில் ஏறிய காருக்குத் தேவைப்படும் அதே காற்றுவெளியில்தான் பல கதவுகளும் வந்து படுக்கின்றன. கதவின் வழி முடிவானால் அதற்குப் பொருந்தும் மோட்டார் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். மோட்டாரை முதலில் வாங்கிவிட்டு அதற்காகக் கதவைத் தேடினால் செலவு இரட்டிப்பாகும்.

எங்கள் ஷெட் 10 அடி உயரம். இரண்டு கார் அடுக்க முடியுமா?

முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கணக்கைப் பாருங்கள். கீழே இன்னோவா கிரிஸ்டா, மேலே மாருதி 800 என்று வைப்போம். இன்னோவாவின் உயரம் 1,795 மில்லிமீட்டர். அதற்கு மேலே கை நுழையும் அளவாவது ஒரு இடைவெளி, 100. லிஃப்டின் தட்டுக் கனம் சுமார் 150. மாருதி 800-இன் உயரம் 1,405. கூரைக்கும் அதன் தலைக்கும் நடுவே இன்னொரு 100. கூட்டினால் 3,550 மில்லிமீட்டர், அதாவது 11 அடி 8 அங்குலம். மேலேயும் கீழேயும் மாருதி 800-தான் என்றாலும் 10 அடி 4 அங்குலத்தைத் தாண்டிவிடும்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. "10 அடி" என்று வீட்டுக்காரர்கள் சொல்வது ஸ்லாப் வரைக்குமான உயரம். நடுவில் ஒரு பீம் ஒரு அடி இறங்கியிருக்கும், அதிலிருந்து ஒரு ஃபேன் தொங்கும். டேப்பைப் பீமுக்கு அடியில் பிடித்து அளந்து பாருங்கள். அதுவும் ஒரே இடத்தில் போதாது. மழைத்தண்ணீர் வெளியே ஓட வேண்டும் என்று ஷெட் தரையை வாசல் பக்கம் சரித்துப் போட்டிருப்பார்கள். பின்பக்கம் அளந்தால் ஒன்று, வாசலில் அளந்தால் ஒன்று வரும். குறைவான அளவைக் கணக்கில் எடுங்கள்.

தரையைத் தோண்டி இறக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது. வயலையும் குளத்தையும் ஒட்டிய மனைகளில் இரண்டடி தோண்டினாலே ஊற்றெடுக்கும். நான் அந்த யோசனைக்குப் போகமாட்டேன். புதிதாகக் கட்டுகிறீர்கள் என்றால் ஷெட்டின் கூரையை மட்டும் 12 அடி, முடிந்தால் 13 அடிக்குத் தூக்கச் சொல்லுங்கள். ஷீட் கூரை போடுகிறவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை.

அடுக்குவதற்கு இல்லை, அடியில் வேலை பார்க்க மட்டும்தான் என்றால் 10 அடியில் ஒரு சிறிய காரை நாலரை அடி வரை தூக்கலாம். ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை பார்க்க அது போதும்.

வாசலில் ஏற்கெனவே ரோலிங் ஷட்டர் இருக்கிறது. லிஃப்டுக்காக மாற்ற வேண்டுமா?

வேண்டாம். சொல்லப்போனால் நம்ம ஊர் ஷட்டர்தான் லிஃப்டுக்கு ஒத்துப்போகிற கதவு. அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, கூரைக்கடியில் போய்ப் படுக்கும் பலகைக் கதவுதான் நாகரிகம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஷட்டர் லிண்டலுக்கு மேலே சுருண்டுகொள்கிறது. 8 அடி ஷட்டரின் சுருளுக்கு ஒன்றேகால் முதல் ஒன்றரை அடி இடம் போதும். அதைத் தாண்டி ஷெட்டின் உள்ளே கூரை வரைக்கும் காலி. லிஃப்ட் எவ்வளவு ஏறினாலும் கதவுக்கும் அதற்கும் தகராறு இல்லை.

சுருள் உள்பக்கம் இருந்தால் லிஃப்டைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வையுங்கள். மேலே ஏறும் காரின் முகப்பு சுருள் பெட்டியில் முட்டக்கூடாது. இடம் அவ்வளவு நெருக்கம் என்றால் சுருளை லிண்டலின் வெளிப்பக்கமாகவும் மாட்டலாம். ஆனால் அதன்மேல் சன்ஷேடும், தகர மூடியும் கட்டாயம். ஜூன் மாதச் சாரல் நேராகச் சுருளுக்குள் அடித்தால் லாத்துகளின் (ஷட்டரின் குறுக்குப் பட்டைகள்) மடிப்பில் தண்ணீர் நின்று, வெளியே பெயின்ட் நன்றாக இருக்கும்போதே உள்ளே துரு தின்றுவிடும். ஒருநாள் ஷட்டரை இறக்கும்போது பழுப்புத் தூள் கொட்டினால் அதுதான் அடையாளம்.

கையால் தூக்கும் ஷட்டரிலேயே மோட்டார் மாட்டலாமா?

பெரும்பாலும் மாட்டலாம். வெளியே சுருளின் ஒரு பக்கம் உட்கார்ந்து செயினால் சுற்றும் சைடு மோட்டார் ஒன்று, சுருள் பைப்புக்குள்ளேயே நுழையும் டியூப் மோட்டார் ஒன்று. வீட்டு ஷெட்டின் அகலமான இரும்பு ஷட்டர் நூறு கிலோவுக்கு மேல் வரும், அதற்கு சைடு மோட்டாரே என் தேர்வு. அதில் கரண்ட் இல்லாத நேரத்தில் இழுக்கக் கைச்செயின் தொங்கும். டியூப் மோட்டார் எடை குறைந்த அலுமினிய ஷட்டருக்குச் சரி.

சைடு மோட்டாருடன் விழாமல் தடுக்கும் பிரேக் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். செயின் அறுந்தால் ஷட்டர் மொத்தமாக இறங்கிவிடும். அந்த பிரேக் அதை நடுவழியில் பிடித்து நிறுத்தும். இதைச் சேர்க்காமல் விலையைக் குறைத்துக் காட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

பலகைக் கதவுதான் வேண்டும் என்கிறாள் மனைவி. அப்போது என்ன செய்வது?

செக்‌ஷனல் டோர் என்று சொல்கிற, நாலைந்து பட்டைகளாக மடங்கி மேலே ஓடும் கதவைத்தான் கேட்கிறார்கள். வீட்டு முகப்புக்கு அழகாக இருக்கும், உண்மைதான். இதில் இடைஞ்சல் இரண்டு.

முதலாவது, வழக்கமான மோட்டார். அது கூரையின் நடுவே ஒரு தண்டவாளத்தோடு தொங்குகிறது. கதவிலிருந்து உள்ளே ஏறக்குறைய 10 அடி தள்ளி மோட்டார் பெட்டி. கார் மேலே ஏறினால் அதன் கூரை போய் இடிக்கும் இடம் அதுவேதான்.

இதற்குப் பதிலாகச் சுவரில் மாட்டும் மோட்டார் இருக்கிறது, ஜாக்‌ஷாஃப்ட் என்பார்கள். கதவுக்கு மேலே ஸ்பிரிங் மாட்டிய தண்டு ஒன்று ஓடுமல்லவா, அதன் ஒரு முனையில் இதைப் பொருத்தி அந்தத் தண்டையே சுழற்றுகிறோம். தண்டின் முனைக்கும் பக்கச் சுவருக்கும் நடுவே 8, 9 அங்குல இடம் வேண்டும். பக்கத்திலேயே ஒரு பிளக் பாயின்ட் வேண்டும். கூரையில் எதுவும் தொங்காது.

பெரும்பாலானவர்கள் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இரண்டாவது இடைஞ்சல் கதவேதான். மோட்டாரைச் சுவருக்கு மாற்றினாலும் கதவு பழைய தடத்தில் போய் 8 அடி நீளத்துக்குக் கூரைக்கடியில் படுத்துக்கொண்டுதானே இருக்கும்? எனவே தடத்தையும் உயர்த்த வேண்டும். ஹை லிஃப்ட் தடம் என்று கேளுங்கள். கதவு முதலில் சுவரை ஒட்டி நேராக மேலே ஏறி, பிறகுதான் உள்பக்கம் வளையும்.

12 அடிக் கூரை, 8 அடிக் கதவு என்றால் மேலே 4 அடி மிச்சம். தண்டும், கதவைத் தூக்கும் கயிறு சுற்றுகிற டிரம்மும் ஒரு அடியை எடுத்துக்கொள்ளும். மீதி 3 அடி கதவு நின்றபடியே ஏறும், கடைசி 5 அடிதான் உள்ளே படுக்கும், அதுவும் 11 அடி உயரத்தில். அந்த 5 அடிக்குக் கீழே காரின் பானெட் வருமாறு நிறுத்தினால் போதும். பானெட் காரின் கூரையைவிட ஒரு அடிக்கு மேல் தாழ்வாக இருக்குமே, அந்த இடைவெளியில் கதவு போய்விடும். அதனால் மேலே ஏறப்போகும் காரை ரிவர்ஸில் உள்ளே கொண்டுவந்து முகம் வாசலைப் பார்க்க நிறுத்துங்கள். ஹேட்ச்பேக்கைப் பின்புறம் வாசலைப் பார்க்க நிறுத்தினால் இந்த வசதி போய்விடும்.

கதவு முழுவதும் நின்றபடியே ஏற வேண்டும் என்றால் 17 அடிக்கு மேல் உயரம் தேவை. அது குடோனுக்கு, வீட்டுக்கு இல்லை.

தடத்தை மாற்றாமல் சுவர் மோட்டாரை மட்டும் மாட்டினால்?

இடம் கிடைக்காது என்பது ஒரு பக்கம். சுவர் மோட்டார் கதவைத் தள்ளாது, கயிற்றைச் சுற்றவும் விடவும் மட்டுமே தெரியும். முழுக்கத் திறந்த கதவின் எடை எல்லாம் படுக்கைத் தடத்தில் உட்கார்ந்திருக்கும்போது கயிறு தளர்ந்து டிரம்மை விட்டு நழுவலாம். அதைக் கண்டுபிடித்து நிறுத்துகிற டென்ஷன் சென்சார் மோட்டாரோடு வரும், அதைப் பெட்டியிலேயே விட்டுவிடாமல் மாட்டச் சொல்லுங்கள். ஹை லிஃப்ட் தடத்தில் திறந்த கதவின் ஒரு பகுதி தொங்கிக்கொண்டே இருப்பதால் கயிறு எப்போதும் இறுக்கமாக நிற்கும். இந்த மோட்டாருக்கு அதுதான் பொருத்தம்.

தடம் மாறினால் டிரம்மும் ஸ்பிரிங்கும் மாற வேண்டும். பழைய ஸ்பிரிங்கை வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொன்னால் அவரை வேலைக்கு வைக்காதீர்கள்.

ஸ்பிரிங்கை நாமே கழற்றலாமா?

கூடாது. முறுக்கேறிய ஸ்பிரிங் கையை முறித்துவிடும்.

மோட்டார் கதவை இழுப்பதில் செயின், பெல்ட், ஸ்க்ரூ என்று ரகம் இருக்கிறதே. எது?

இந்தப் பிரிவு கூரையில் தொங்கும் மோட்டாருக்குத்தான். லிஃப்ட் வைக்கிறவருக்கு அது வேண்டாம் என்று ஆகிவிட்ட பிறகு இந்தக் கேள்வியும் வேண்டாம்.

அமெரிக்காவில் இருக்கும் மகன் அங்கிருந்தே ஒரு மோட்டார் அனுப்புகிறேன் என்கிறான்.

மோட்டாரில் ஒட்டியிருக்கும் விவரத் தட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இங்கே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். தட்டில் 120 மட்டும் இருந்தால் இறக்கு டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் பிளக்கில் செருகவே கூடாது. அதற்கும் மேலே, இரண்டு வருடம் கழித்து போர்டு போனால் யார் மாற்றித் தருவார்? மகனின் அன்பை ஏற்றுக்கொண்டு பணமாக அனுப்பச் சொல்வதே நல்லது. உள்ளூரில் பாகம் கிடைக்கிற மோட்டாரை வாங்குங்கள்.

கரண்ட் போனால் கார் உள்ளேயே மாட்டிக்கொள்ளுமா?

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் மரங்களும் கம்பங்களும் சாய்ந்து பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அதே வருடம் அக்டோபரில் கலிஃபோர்னியாவில் காட்டுத்தீ. கரண்ட் போய், கதவைத் திறக்க முடியாமல் வீட்டுக்குள் சிக்கியவர்கள் அங்கே இருந்தார்கள். அதன் விளைவாக 2019 ஜூலை முதல் அந்த மாநிலத்தில் விற்கும் வீட்டுக் கதவு மோட்டாருக்கு பேட்டரி கட்டாயம் என்று சட்டம் வந்தது. இங்கே அப்படிச் சட்டம் இல்லை, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

24 வோல்ட் டிசி மோட்டார் என்றால் பேட்டரி எளிதாகச் சேரும். ஏசி சைடு மோட்டார் கிளம்பும்போது ஓடும் நேரத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும், அதனால் வீட்டு இன்வெர்ட்டர் திணறும். அதற்குக் கைச்செயின்தான் நம்பகமான வழி. ஆனால் அந்தச் செயின் எங்கே தொங்குகிறது என்று பாருங்கள். லிஃப்டின் தூணுக்குப் பின்னால் போய்விட்டால் அவசரத்துக்குக் கை எட்டாது. ஷெட்டுக்கு வேறு வாசலே இல்லை என்றால் வெளியிலிருந்து சாவி போட்டு விடுவிக்கும் வசதியும் வேண்டும்.

லிஃப்டை இன்வெர்ட்டரில் ஓட்ட நினைக்க வேண்டாம். மேலே இருக்கும் கார் கரண்ட் வரும்வரை மேலேயே இருக்கட்டும், லிஃப்டின் தூணில் இருக்கும் பூட்டுப் பற்கள் அதைத் தாங்கும். தினமும் ஓட்டும் காரைக் கீழே விடுங்கள் என்று நான் சொல்வதும் இதனால்தான்.

வீடு குளச்சல் பக்கம், கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். தனியாக ஏதாவது கவனிக்க வேண்டுமா?

நிறைய. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி என்று கரையோரம் முழுவதும் உப்புக்காற்று. சாதாரண இரும்பு லாத்துக்குப் பதில் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) அல்லது அலுமினியம் போடுங்கள். ஸ்க்ரூ, போல்ட், கயிறு எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் 316 ரகம் கேளுங்கள், 304 கரையோரத்தில் பழுப்புப் புள்ளி வைக்கும். கதவுக்கு இவ்வளவு பார்க்கிறவர்கள் லிஃப்டின் கயிற்றை மறந்துவிடுகிறார்கள். கார் தொங்குவது அதில்தான். மாதம் ஒருமுறை பழைய துணியால் துடைத்து, இழை எங்கேனும் பிரிந்திருக்கிறதா என்று பார்த்து, கம்பெனி சொன்ன எண்ணெயைப் போடுங்கள்.

அப்புறம் பல்லி. சிரிக்க வேண்டாம், எங்களுக்கு வரும் "மோட்டார் ஓடல" என்ற அழைப்புகளில் பல்லியும் எறும்பும் தனிக் கணக்கு. கன்ட்ரோல் பெட்டியில் வயர் நுழையும் ஓட்டை வழியாக உள்ளே போய், வெதுவெதுப்பாக இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் குடியேறும். ஒருநாள் இரண்டு முனைகளைச் சேர்த்துத் தொட்டுவிடும். பெட்டியைத் திறந்தால் கருகிய வாலும் நாலைந்து வெள்ளை முட்டையும் கிடக்கும். வயர் நுழையும் இடத்தில் ரப்பர் கிளாண்ட் போட்டு, மிச்ச ஓட்டையை சிலிகானால் அடைத்தால் விஷயம் முடிந்தது. மலையடிவார ஊர்களில் இடி அதிகம், அங்கே சர்ஜ் பாதுகாப்பும் ஒழுங்கான எர்த்தும் சேர்த்துப் போடுங்கள்.

ஆரல்வாய்மொழியில் வீடு. காற்றுக்கு ஷட்டர் தாங்குமா?

முப்பந்தலில் காற்றாலைகளைச் சும்மாவா நட்டார்கள்? கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் 12 அடி அகல ஷட்டர் பாய்மரம் மாதிரி உப்பும், லாத் இரண்டு பக்கமும் இருக்கும் கைடு சேனலை விட்டு வெளியே வரும். ஆழமான கைடும், லாத் முனைகளில் காற்றுக் கிளிப்பும் கேளுங்கள். பாதி திறந்த நிலையில் நிறுத்தி வைக்காதீர்கள். பக்கவாட்டில் விரியும் இரட்டைக் கதவு போட்டு, அதைக் கைபோலத் தள்ளி இழுக்கும் ஆர்ம் மோட்டார் வைப்பது கூரை உயரத்தை மிச்சம் பிடிக்கும், ஆனால் இந்தப் பகுதிக்கு நான் சொல்லமாட்டேன். பக்கத்தில் கதவின் அகலத்துக்குச் சுவர் இருந்தால் ஸ்லைடிங் கேட் மோட்டார் நல்ல வழி.

லிஃப்டில் கார் மேலே இருக்கும்போது பிள்ளைகள் ரிமோட்டை அழுத்திவிட்டால்?

ஷட்டர் என்றால் பரவாயில்லை. பலகைக் கதவு என்றால் பானெட்டில் வந்து இடிக்கலாம், அல்லது கதவு திறந்திருக்கும்போது லிஃப்டை ஏற்றினால் கார் போய்க் கதவை நெளிக்கும். இரண்டு கார் அடுக்குகிறவர் மேலே கார் இருக்கும்போதே கதவைத் திறந்து கீழே உள்ள காரை எடுக்க வேண்டும், அதனால் கதவு பானெட்டில் இடிக்காமல் போகிறதா என்று முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். வேலை பார்க்க மட்டும் லிஃப்ட் வைக்கிறவருக்கு, கதவும் லிஃப்டும் எந்த நிலையில் இருக்கின்றன என்று உணரும் லிமிட் சுவிட்சுகள் போதும்: லிஃப்ட் கீழே இருந்தால்தான் கதவு நகரும், கதவு மூடியிருந்தால்தான் லிஃப்ட் ஏறும். லிஃப்டின் கன்ட்ரோல் வயரில் கை வைப்பதால் லிஃப்ட் கம்பெனியின் ஆளிடம் கேட்டே செய்ய வேண்டும்.

வாசலில் தரையிலிருந்து 6 அங்குலத்துக்கு மேல் போகாமல் ஃபோட்டோ சென்சார் ஒரு ஜோடி கட்டாயம் வையுங்கள். குழந்தையோ பூனையோ குறுக்கே வந்தால் கதவு திரும்பிவிடும். அமெரிக்காவில் 1993 முதல் வீட்டுக் கதவு மோட்டாருக்கு இது போன்ற பாதுகாப்பு கட்டாயம். மேற்குப் பார்த்த வாசல் என்றால் சென்சார் ஜோடியில் ஒளியை வாங்கும் கண்ணை நிழல் விழும் பக்கம் வையுங்கள். மாலை வெயில் நேராக விழுந்தால் கதவு மூட மறுக்கும். காரணம் தெரியாமல் மோட்டாரைக் குறை சொல்வார்கள்.

மார்த்தாண்டத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இரண்டு தூண் லிஃப்டுக்கும் இதே கணக்கா?

உயரக் கணக்கு கொஞ்சம் வேறு. இரண்டு தூணுக்கும் மேலே குறுக்குச் சட்டம் வரும் ரகத்துக்கு 12 அடியளவு வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் ஷட்டர் காலையில் திறந்தால் ராத்திரிதான் மூடும், எனவே மோட்டாருக்கு ரொம்பச் செலவழிக்காதீர்கள், அந்தப் பணத்தைத் தரையில் போடுங்கள். இரண்டு தூண் லிஃப்ட் ஆங்கர் போல்ட்டை நம்பித்தான் நிற்கிறது. குறைந்தது 4 அங்குலக் கனம், எம்25 ரகக் காங்கிரீட், அதற்கு மேல் கம்பெனியின் புத்தகம் என்ன சொல்கிறதோ அது. டைல்ஸ் மேலே போல்ட் அடிக்க விடவே கூடாது.

எந்த வேலையை முதலில் செய்வது?

தரைக் காங்கிரீட் முதலில், அதற்கு 28 நாள் விடுங்கள். அந்த இடைவெளியில் எலக்ட்ரீஷியனை வைத்து லிஃப்டுக்குத் தனி லைன், தனி எம்சிபி, கதவு மோட்டாருக்குத் தனி பாயின்ட் இழுத்துவிடலாம். வீட்டில் த்ரீ பேஸ் இல்லையென்றால் லிஃப்டுக்கு சிங்கிள் பேஸ் பவர் பேக் (லிஃப்டைத் தூக்கும் மோட்டார் பகுதி) என்று ஆர்டரிலேயே எழுதச் சொல்லுங்கள். அடுத்து லிஃப்டை நிறுத்தி, மேலே வைக்கப்போகும் காரை அதில் ஏற்றி, முழு உயரத்துக்குத் தூக்கி, சுவரில் சாக்பீஸால் கோடு போடுங்கள். கதவுக்காரர் வந்து தடத்தையோ சுருளையோ அந்தக் கோட்டைப் பார்த்து முடிவு செய்யட்டும். லிஃப்டின் பாகங்கள் நீளமானவை என்பதால், கதவை மாட்டுவதற்கு முன் வாசல் முழுசாகத் திறந்து கிடக்கும்போதே அவற்றை உள்ளே கொண்டுவந்துவிடுவது சுலபம்.